டர்போ வண்டியை ரீமேப் செய்யும் முன்: இஜிடி என்ற எண்ணை எப்படிப் படிப்பது?

டர்போ வைத்த வண்டிக்கு ரீமேப் செய்வது இப்போது பெரிய விஷயமில்லை. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவில் உள்ள மென்பொருளைக் கொஞ்சம் மாற்றி எழுதினால் போதும், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் இழுவை கூடிவிடும். இன்ஜின் சூடாகாதா என்று கேட்டால், "இஜிடி லிமிட்டுக்குள்ளதான் இருக்கு" என்று பதில் வரும், அதாவது எக்ஸாஸ்ட் வாயுவின் சூடு எல்லைக்குள் இருக்கிறதாம். அந்த லிமிட் எவ்வளவு, எந்த இடத்தில் அளந்தது, எத்தனை நொடி அப்படி ஓட்டிப் பார்த்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வதந்தி: அலுமினியம் 660 டிகிரியில் உருகும், ஆகவே எக்ஸாஸ்ட் 700 டிகிரி தொட்டால் பிஸ்டன் காலி. இரண்டு பேச்சையும் அப்படியே நம்ப முடியாது. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று அடியிலிருந்து பார்த்தால்தான் இது பிடிபடும்.

அளப்பது எந்தச் சூட்டை?

இஜிடி என்றால் இன்ஜினிலிருந்து வெளியேறும் எக்ஸாஸ்ட் வாயுவின் வெப்பநிலை. டேஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் முள் காட்டுவது ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை. தண்ணீர் 90 டிகிரியில் ஆடாமல் அசையாமல் நிற்கும்போதே எக்ஸாஸ்ட் வாயு சில நொடிகளில் 300-லிருந்து 750-க்குப் போய்வரும். தண்ணீர் முள் ஏறத் தொடங்கும்போது வேறெங்கோ சேதம் நடந்து முடிந்திருக்கலாம்.

எரிபொருளின் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டும் வேலையாக மாறுகிறது. ஏறக்குறைய அதே அளவு எக்ஸாஸ்ட் வழியே வெளியே போகிறது. மீதி தண்ணீரிலும் ஆயிலிலும் உராய்விலும் கரைகிறது. வெளியே போகும் அந்தப் பங்கைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதே தண்டின் மறுமுனையில் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பியூக்கி 1905-ல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. சக்கரத்தின் ஒரு பக்கம் 700, 800 டிகிரி வாயு, மறுபக்கம் வெளிக்காற்று, நடுவில் ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி, சிறிய கார்களில் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் மெல்லிய தண்டு. எக்ஸாஸ்ட் சூடு முதலில் போய் மோதுவது இங்கேதான்.

டீசலில் ஒரு விதி, பெட்ரோலில் வேறு விதி

குழப்பத்தில் பாதி இங்கே பிறக்கிறது. டீசல் லாரி ஓட்டுபவர் சொல்லும் அனுபவத்தை பெட்ரோல் கார்க்காரர் அப்படியே எடுத்துக்கொண்டால் தப்பாகப் போகும்.

டீசல் இன்ஜின் எப்போதும் தேவைக்கு அதிகமான காற்றோடுதான் ஓடும். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று போதும். ஐடிலிங்கில் அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் காற்று இருக்கும். முழு இழுவையிலும் ஓரளவு மிச்சம் வைத்துத்தான் கம்பெனி விடுகிறது. அந்த மிச்சக் காற்று எரிவதில் சேராமல் சூட்டை வாங்கிப் பங்கிட்டுக்கொள்கிறது. எரிபொருளைக் கூட்டி, காற்றை அதே அளவு கூட்டாவிட்டால் இந்த மிச்சம் சுருங்கும், வாயு சூடேறும்.

ஒரு தோராயக் கணக்கு. டீசலின் ஆற்றல் கிலோவுக்கு சுமார் 43 மெகாஜூல். காற்று-எரிபொருள் விகிதம் 25:1 என்றால் ஒரு கிலோ காற்றுக்கு 1.72 மெகாஜூல். அதையே 20:1 ஆக்கினால் 2.15 மெகாஜூல். இதில் 35 சதவீதம் எக்ஸாஸ்டில் போவதாகவும், இன்ஜினுக்குள் நுழையும் காற்று 50 டிகிரியில் இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், எக்ஸாஸ்ட் வெப்பநிலை ஏறக்குறைய 550-லிருந்து 660 டிகிரிக்குத் தாவும். இழுவை கால் பங்கு கூடியதற்கு விலை, நூறு டிகிரிக்கு மேல். டீசல் குழாயின் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சாரின் சிக்னலைக் குறைத்துக் காட்டி இசியுவை ஏமாற்றும் மலிவான டியூனிங் பாக்ஸ்கள் செய்வது ஏறக்குறைய இதைத்தான்: எரிபொருள் கூடும், டர்போ தள்ளும் காற்றின் அழுத்தமான பூஸ்ட் அதற்கு ஈடாகக் கூடாது. பின்னால் கரும்புகை தள்ளுகிறது என்றால் மிச்சக் காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதைப் பெருமையாக வீடியோ எடுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பெட்ரோல் இன்ஜினில் காற்றும் எரிபொருளும் சரிக்குச் சரியாக, அதாவது லாம்டா 1 என்ற நிலையில்தான் பெரும்பாலும் ஓடும். இஜிடி உச்சத்தில் இருப்பதும் அந்த நிலையை ஒட்டித்தான். அதிலிருந்து எரிபொருளைக் கூட்டினால் சூடு இறங்கும்: எரியக் காற்று இல்லாத கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. முழு ஆக்ஸிலரேட்டரில் லாம்டாவை 0.8, 0.85 என்று இறக்குவது இதற்காகத்தான். ஆக, டீசலில் எரிபொருளைக் கூட்டினால் சூடு. பெட்ரோலில் ஓர் எல்லைக்கு மேல் கூட்டினால் குளிர்ச்சி.

பெட்ரோலில் இன்னொரு கைப்பிடி உண்டு, ஸ்பார்க் டைமிங். ஸ்பார்க் தாமதமாக விழுந்தால் எரிதலும் தாமதமாகும். பிஸ்டனைத் தள்ளும் வேலையில் செலவாக வேண்டிய வெப்பம், வால்வு திறக்கும்போது அப்படியே எக்ஸாஸ்டுக்குள் கொட்டும். இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். தானாக வெடித்து எரியாமல் தாங்கும் திறனைச் சொல்லும் எண் ஆக்டேன். ஐரோப்பாவில் சாதாரண பெட்ரோலே 95 ஆக்டேன். இந்தியாவில் பிஎஸ்6 என்ற மாசுத் தரம் 2020-ல் வந்தபோது சாதாரண பெட்ரோலுக்கு வைத்த குறைந்தபட்சம் 91. அங்கே எழுதிய ரீமேப் கோப்பை இங்கே ஏற்றி, அதைவிட ஆக்டேன் குறைந்த பெட்ரோல் அடித்தால் நாக்கிங் வரும், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிக்கும். நாக் சென்சார் அதைக் கேட்டு ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். இன்ஜின் உடனே உடையாது, ஆனால் இஜிடி ஏறும், விலைகொடுத்து வாங்கிய இழுவையும் குறையும். ஓட்டுபவருக்குத் தெரிவது "வெயில் நேரத்தில் கொஞ்சம் மந்தமா இருக்கு" என்பது மட்டும்தான்.

ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் படபடவென வெடிக்கும் ரீமேப்களும் வேண்டுமென்றே ஸ்பார்க்கைப் பின்னால் தள்ளி, எரிதலை எக்ஸாஸ்டுக்குள் நடத்துவதுதான். அடிபடுவது எக்ஸாஸ்ட் சுற்றிவிடும் டர்போ சக்கரமான டர்பைனும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரும். சத்தத்துக்காக இதைச் செய்வது அநியாயம்.

700 டிகிரியில் பிஸ்டன் உருகிவிடுமா?

உருகாது. சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகுவது உண்மை. பிஸ்டன் வார்க்கும் அலுமினியம்-சிலிக்கான் கலவை அதற்கும் முன்னால், 570-ஐ ஒட்டியே உருகத் தொடங்கும். ஆனால் சிலிண்டருக்குள் எரியும் தீயின் வெப்பநிலை 2000 டிகிரிக்கு மேல். உருகுவதானால் இன்ஜினை ஸ்டார்ட் செய்த அன்றே உருகியிருக்க வேண்டும். விளக்குச் சுடரின் ஊடே விரலைச் சட்டென்று வீசி எடுத்தால் சுடாது இல்லையா, பிஸ்டனும் அந்த வகையில்தான் தப்பிக்கிறது. தீ படும் நேரம் கொஞ்சம். அடுத்த சுற்றில் புதுக்காற்று வந்து மேல்தட்டைக் குளிர வைக்கிறது. அடியிலிருந்து ஆயில் பீய்ச்சப்படுகிறது. ரிங்குகள் வழியே சூடு சிலிண்டர் சுவருக்குப் போகிறது. இதனால் பிஸ்டனின் மேல்தட்டு பொதுவாக 300, 350 டிகிரி அளவிலேயே நிற்கும்.

ஆபத்து உருகுவதில் தொடங்குவதில்லை. அந்தக் கலவை 350 டிகிரியைத் தாண்டும்போதே வலுவை வேகமாக இழக்கிறது. எக்ஸாஸ்ட் நீண்ட நேரம் மேலேயே நின்றால் பிஸ்டனின் சராசரிச் சூடும் மெல்ல ஏறி, டீசல் பிஸ்டனில் கிண்ணம் போன்ற குழியின் விளிம்பில் விரிசல் விழும். ஆகவே எவ்வளவு சூடு என்பதோடு எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஓவர்டேக் எடுக்கும் 5 நொடியில் 760 தொடுவதும், 10 நிமிட ஏற்றத்தில் 720-லேயே நிற்பதும் ஒன்றல்ல. இரண்டாவதுதான் மோசம்.

ரீமேப் எழுதும் டியூனர்கள் வழக்கத்தில் வைத்திருக்கும் கணக்கு இதுதான். டர்போவுக்கு முன்னால் அளந்தால், டீசலில் தொடர்ந்து நிற்க 700 டிகிரி சுற்றுவட்டாரம், சில நொடிகளுக்கு 750-ஐ ஒட்டி. பெட்ரோலில் 900 முதல் 950. இது வேதவாக்கு இல்லை, டர்போவும், சிலிண்டர்களின் எக்ஸாஸ்டை ஒன்று சேர்க்கும் குழாயான மேனிஃபோல்டும் எந்த உலோகம் என்பதைப் பொறுத்து மாறும். சிலிக்கான்-மாலிப்டினம் கலந்த வார்ப்பிரும்பு 800 டிகிரிக்கு மேல் கொஞ்சதூரம் தாங்கும். நிக்கல் அதிகமுள்ள வார்ப்பிரும்பு 900-களில். வார்ப்பு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 1050 வரை. சிறகுகள் திசைமாறும் டர்போ டீசல் கார்களில் எப்போதோ வந்துவிட்டது. பெட்ரோல் காருக்கு வரத் தாமதமானதற்குக் காரணம் இந்தச் சூடுதான். 2006-ல் போர்ஷே 911 டர்போவில் அது வந்தபோது, 1000 டிகிரி அளவைத் தாங்கும் உலோகங்களைத் தேட வேண்டியிருந்தது.

எதைக் கொண்டு, எந்த இடத்தில்?

பெரும்பாலும் பயன்படுவது கே வகை தெர்மோகப்பிள். குரோமல், அலுமல் என்ற இரண்டு உலோகக் கம்பிகளின் நுனியை ஒன்றாகப் பற்றவைத்துச் சூடாக்கினால், ஒரு டிகிரிக்கு சுமார் 41 மைக்ரோவோல்ட் என்ற கணக்கில் மின்னழுத்தம் பிறக்கும். 1821-ல் சீபெக் கண்ட விளைவு இது. அழுத்தம் மிகச் சிறியது என்பதால் பொருத்துவதில் செய்யும் சின்ன அலட்சியமும் எண்ணில் தெரியும். கம்பி நீளம் போதவில்லை என்று சாதாரண செம்புக் கம்பியை ஒட்டுப் போட்டால், ஒட்டுப்போட்ட இடத்தின் சூடு அளவீட்டில் பிழையாகச் சேரும். கே வகைக் கம்பியாலேயே நீட்ட வேண்டும். இன்னொரு பொறி: அமெரிக்க நிறக்குறியீட்டில் தெர்மோகப்பிளின் சிவப்புக் கம்பி நெகட்டிவ். வண்டி வயரிங் பார்த்துப் பழகிய கை சிவப்பைப் பாசிட்டிவில் கொடுத்துவிடும், மீட்டர் தலைகீழாக ஓடும்.

இடம் இதைவிட முக்கியம்.

1. டர்போவுக்கு முன்னால், எல்லா சிலிண்டர்களின் குழாய்களும் சேரும் இடத்தில் வைத்தால் டர்பைனும் வால்வுகளும் உண்மையில் படும் சூடு கிடைக்கும். டியூனிங்குக்கு இதுதான் சரியான இடம்.

2. டர்போவுக்குப் பின்னால் வைப்பது சுலபம், மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டாம். ஆனால் டர்பைன் வேலை செய்யும்போது வாயுவின் சூட்டைத் தின்றுவிடுகிறது. 727 டிகிரியில் நுழையும் வாயுவின் அழுத்தம் டர்பைனில் பாதியாகக் குறைகிறது, டர்பைனின் திறன் 65 சதவீதம் என்றால் இறக்கம் சுமார் 100 டிகிரி. அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் 150-ஐத் தாண்டும். இத்தோடு சுவர் வழியே போகும் சூடு வேறு. லேசான ஓட்டத்தில் இந்த வித்தியாசம் சொற்பம். "பின்னால் காட்டுவதோடு 150 கூட்டிக்கோ" என்ற விதி அதனால்தான் எல்லா நேரத்துக்கும் பொருந்தாது.

3. சிலிண்டருக்கு ஒன்று என்று வைத்தால் எந்த இன்ஜெக்டர் அதிகம் ஊற்றுகிறது என்று தனியாகத் தெரியும். செலவு கூடுதல். பந்தய வண்டிக்கும் பெரிய இன்ஜினுக்கும் சரி, வீட்டுக் காருக்கு அவசியமில்லை.

வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை வண்டியிலேயே வைத்துத் துளை போடுவது பழக்கத்தில் இருக்கிறது. ஒரே ஒரு இரும்புச் சீவல் உள்ளே விழுந்தாலும் அடுத்த ஸ்டார்ட்டில் அது டர்பைன் இறகுகளில்தான் போய் அடிக்கும். கழற்றித் துளைப்பதே மேல். புரோபின், அதாவது உள்ளே நீட்டும் தெர்மோகப்பிள் குச்சியின் நுனி குழாயின் நடுப்பகுதியை எட்ட வேண்டும். சுவரை ஒட்டி நின்றால் குறைத்துக் காட்டும்.

சரியாகப் பொருத்தினாலும் ஒரு வரம்பு இருக்கிறது. எக்ஸாஸ்ட் வாயு விட்டு விட்டுத் துடித்து வருவது. 6 மில்லிமீட்டர் தடித்த உறைக்குள் இருக்கும் நுனியால் ஒவ்வொரு துடிப்பையும் பிடிக்க முடியாது, பல சுற்றுகளின் சராசரியைத்தான் காட்டும். 3 மில்லிமீட்டர் நுனி வேகமாகப் பதில் சொல்லும், சீக்கிரம் தேயும். எப்படியானாலும், வால்வு திறந்த நொடியில் வாயு இருந்த சூடு மீட்டரில் தெரிவதைவிட அதிகம்.

எண் இறங்கினால் எல்லாம் நல்லதா?

இதைப் பற்றித்தான் ரீமேப் பேச்சில் யாரும் வாய் திறப்பதில்லை. இஜிடியைக் குறைத்துக் காட்ட, இன்ஜினுக்குக் கெடுதலான வழிகளும் இருக்கின்றன.

டீசலில் இன்ஜெக்‌ஷனை முன்னால் தள்ளினால் எரிதல் சீக்கிரம் முடிந்து எக்ஸாஸ்ட் குளிரும். கூடவே சிலிண்டரின் உச்ச அழுத்தம் ஏறும். மீட்டர் 680 என்று சமர்த்தாகக் காட்டிக்கொண்டிருக்கும். ஹெட் கேஸ்கட்டும் கனெக்டிங் ராடும் அதற்கான விலையைக் கொடுக்கும். அழுத்தத்தை அளக்கும் சென்சார் பெரும்பாலான வண்டிகளில் கிடையாது என்பதால் இது வெளியே தெரியாது.

பெட்ரோலில் ஸ்பார்க்கை அதிகம் முன்னால் வைத்தாலும் இதே கதைதான். நாக்கிங் வந்தால் இன்னும் மோசம்: அதன் அதிர்வு, உலோகச் சுவரை ஒட்டி நின்று காப்பாற்றும் மெல்லிய வாயுப் படலத்தைக் கலைத்துவிடுகிறது, சூடு எக்ஸாஸ்டுக்குப் போகாமல் பிஸ்டனுக்குள் இறங்குகிறது. அதாவது பிஸ்டன் ஓட்டையாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் இஜிடி குறையக்கூடும். எரிபொருளை அள்ளி ஊற்றிக் குளிரவைப்பதும் இலவசமில்லை. பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக் கீழே இறங்கி, ஆயிலைத் தண்ணியாக்கும்.

எனவே இஜிடியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பெட்ரோலில் லாம்டா, ஸ்பார்க் டைமிங், நாக் எண்ணிக்கை. டீசலில் பூஸ்ட், ரெயில் பிரஷர், இன்ஜெக்‌ஷன் டைமிங், புகை. இவற்றோடு ஒரே நேரக்கோட்டில் வைத்துப் பார்த்தால்தான் சூடு ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று தெரியும். லாம்டா என்று சொல்வதிலும் காரணம் இருக்கிறது: 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்குச் சரிக்குச் சரி விகிதம் 14.7 இல்லை, 13.5-ஐ ஒட்டியது. பழைய விகித எண்ணைப் பிடித்துக்கொண்டு டியூன் செய்தால் கணக்குத் தப்பும்; லாம்டா 1 எந்த எரிபொருளுக்கும் 1-தான்.

ஸ்கேனரில் தெரியும் இஜிடி

இசியு தரும் தகவல்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டியதும் திரையில் எக்ஸாஸ்ட் வெப்பநிலை வந்துவிடுகிறதே, தனி புரோப் எதற்கு என்று கேட்கலாம். பல பெட்ரோல் கார்களில் அந்த எண் அளந்தது அல்ல, இசியு கணித்தது. எவ்வளவு காற்று போகிறது, ஸ்பார்க் எங்கே விழுகிறது, லாம்டா எவ்வளவு என்று பார்த்து, கம்பெனி சோதனைக்கூடத்தில் தயாரித்த அட்டவணையிலிருந்து எடுத்துச் சொல்கிறது. அசல் இன்ஜினுக்கு அது நன்றாகவே பொருந்தும். டர்போவை மாற்றினாலோ, கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றினாலோ, அட்டவணை அறியாத இன்ஜின் ஆகிவிடுகிறது. கணிப்பு எண் எல்லையைத் தொட்டால் இசியு தானாகவே எரிபொருளைக் கூட்டும் அல்லது பூஸ்டைக் குறைக்கும். இந்தக் காவலை "பவர் தடுக்கிறது" என்று சொல்லி எல்லையையே உயர்த்தி எழுதிவிடும் டியூனர்களும் உண்டு. அப்புறம் திரையில் எண் என்னவாக இருந்தாலும் பயனில்லை.

பிஎஸ்6 டீசல்களில், அதாவது 2020 ஏப்ரல் முதல் விற்பவற்றில், புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் இருப்பதால் நிஜ சென்சார்களே உண்டு. ஆனால் எந்த சென்சார் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். டிபிஎஃப்பில் சேர்ந்த கரியை எரிக்க இசியு வேண்டுமென்றே வெப்பத்தை 600 டிகிரி அளவுக்கு ஏற்றும். சமவெளியில் நிதானமாகப் போகும்போது டர்போவுக்குப் பின்னால் திடீரென்று சூடு ஏறினால் பதற வேண்டாம், அது இந்தச் சுத்திகரிப்பாக இருக்கும்.

ஏற்றத்தில் என்ன ஆகிறது?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறும் பாதை ரீமேப்புக்கு நல்ல பரீட்சை. 300 மீட்டர் சொச்சத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மேலே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே பூஸ்ட் கிடைக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், அழுத்திய காற்றும் கூடுதல் சூட்டோடு வரும். ஊசிமுனை வளைவுகளில் வேகம் குறைவதால், அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்கு எதிர்க்காற்றும் போதாது. உள்ளே போகும் காற்று 30 டிகிரி கூடினால் வெளியே வரும் வாயுவும் குறைந்தது அந்த அளவு கூடும் என்று எதிர்பார்க்கலாம்.

இங்கே பல டீசல் ஓட்டுநர்கள் செய்யும் தவறு, டார்க் இருக்கிறதே என்று மேல் கியரிலேயே 1500 ஆர்பிஎம்மில் இழுத்துக்கொண்டு போவது. இன்ஜின் சத்தம் போடாததால் நிம்மதியாகத் தோன்றும். அந்தச் சுற்றில் டர்போவால் போதிய காற்று தர முடியாது; ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க எரிபொருள் மட்டும் கூடும். ஒரு கியர் குறைத்து 2200, 2500-ல் ஏறினால் சத்தம் கூடும், காற்றும் கூடும், இஜிடி கண்ணெதிரே இறங்கும். ரீமேப் செய்யாத வண்டிக்கும் இது பொருந்தும்.

உச்சியில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடாமல் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலிங் விடச் சொல்வதற்குக் காரணம், ஓட்டம் நின்ற ஆயில் சூடான தண்டில் கருகிக் கரியாகப் படிவதுதான். ஊருக்குள் மெதுவாக ஓட்டிவந்து வீட்டு வாசலில் நிறுத்தும்போது இது தேவையில்லை. டர்போ ஏற்கெனவே குளிர்ந்திருக்கும்.

டியூனரிடம் கேட்க வேண்டியவை

சட்ட விஷயம் முதலில். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கம்பெனி நிர்ணயித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. டிபிஎஃப்பைக் கழற்றச் சொல்லும் யோசனையைக் கேட்கவே வேண்டாம். வாரண்டி, இன்சூரன்ஸ் இரண்டிலும் தகராறு வரலாம். இவ்வளவுக்குப் பிறகும் செய்வதென்று முடிவெடுத்தால்:

1. இஜிடி எங்கே அளந்தது: டர்போவுக்கு முன்னாலா, பின்னாலா, இல்லை இசியு கணித்ததா?

2. முழு இழுவையில் எத்தனை நொடி ஓடியபோது எடுத்த எண்? வண்டியை நிறுத்தி வைத்தே இழுவையை அளக்கும் டைனோவில் ஒரு 10 நொடி ஓட்டம், மலையேற்றத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

3. அப்போது உள்ளே போன காற்றின் வெப்பநிலை எவ்வளவு? டிசம்பர் காலையில் எடுத்த பதிவு மே மாத வேலூருக்கு ஆகாது.

4. இசியுவின் எக்ஸாஸ்ட் பாதுகாப்பு எல்லைகள் அசல்படியே இருக்கின்றனவா, மாற்றப்பட்டனவா?

5. ரீமேப்புக்கு முன்னும் பின்னும் ஒரே சாலையில், ஒரே கியரில் எடுத்த இரண்டு பதிவுகளையும் கோப்பாகத் தர முடியுமா?

ஐந்தாவது கேள்விக்குத் தயங்குகிற கடையில் வண்டியை விடாதீர்கள்.